நைனா இழவுக்கு வந்த நாள்

என் வீட்டுக்காரர் பிழைக்க மாட்டார் என்று எங்கள் தெரு முடிவு கட்டிவிட்டது. அது 1958-ஆம் வருஷம், பங்குனி மாதம். திண்டிவனம் ரயிலடிக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். அவர் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவர். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் வருகிறவனை வம்புக்கு இழுத்துக்கொண்டே படியேறுவார். அப்படிப்பட்ட மனிதர் எலும்பும் தோலுமாகப் பாயில் கிடந்தார். விஷக்காய்ச்சல். டாக்டர் வந்தார், ஊசி போட்டார், மருந்து கொடுத்தார், கஞ்சியைத் தவிர எதையும் கண்ணில் காட்டாதே என்று சொல்லிவிட்டுப் போனார். காலையில் உடம்பு கொஞ்சம் ஆறும். உச்சிப்பொழுது ஆனால் போதும், அடுப்பாகக் கொதிக்கும். பிதற்றுவார். என்னையே பார்த்து, “யாரும்மா நீ?” என்று கேட்பார். வாரக்கணக்காக இதே கதை. நான் அழுது அழுது ஓய்ந்துபோனேன்.

வியாதியைக்கூடத் தாங்கிக்கொண்டேன், அன்பானவர்களே. தெரு அதற்குச் சொன்ன காரணத்தைத்தான் தாங்க முடியவில்லை. கிணற்றடிக்குப் போனால் பெண்கள் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், கழுத்தைத்தான் பார்ப்பார்கள். என் கழுத்தில் தாலி இல்லை.

“கட்டுனவன் உசுரோட இருக்கச்சொல்லயே கயட்டி வெச்சிட்டா. அப்பறம் அந்தாளு எப்டி எய்ந்து ஒக்காருவான்?” என்பாள் ஒருத்தி. எனக்குக் கேட்கட்டும் என்றேதான் சொல்வாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வேகமாக வந்துவிடுவேன்.

எங்கள் சபையின் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஞானஸ்நானம் எடுக்கும்போது நகை நட்டெல்லாம் கழற்றிவிடுவோம். பெண்கள் தாலியையும் கழற்றுவோம். பூ இல்லை, பொட்டு இல்லை, வளையல் இல்லை. வெள்ளைப் புடவைதான் கட்டுவோம். நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்துதான் ஏரித் தண்ணீரில் இறங்கினோம். பச்சையம்மாளாக இறங்கி எஸ்தராக ஏறினேன். கன்னியப்பன் யோசேப்பு ஆனார். தாலியை அவர் கையாலேயே கழற்றித் தந்தார். “நான் பக்கத்துலயே நிக்கறேன், இன்னும் எதுக்கு அடையாளம்?” என்று சிரித்தார். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

என் அப்பாவுக்கு, நைனா என்றுதான் கூப்பிடுவேன், சிரிப்பு வரவில்லை. நைனா விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊரான கெடாரில் சொந்த நிலத்தில் பயிர் வைக்கிறவர். கேப்பையும் மல்லாட்டையும் போடுவார். கோபம் வந்தால் கண் மண் தெரியாது. ஆனால் பொய் சொல்ல மாட்டார், சொன்ன சொல்லிலிருந்து இறங்கவும் மாட்டார். ஞானஸ்நானம் எடுத்த பிறகு முதல் முறையாக அம்மாவைப் பார்க்கப் போனேன். என்னைப் பார்த்ததும் அம்மா கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நைனா கொல்லையிலிருந்து வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மாப்ள எங்க?”

“மண்டிக்குப் போயிருக்காரு நைனா. நல்லா இருக்காரு.”

“நல்லா கீறானா? நல்லா கீறவன் பொண்டாட்டி இப்டித்தான் மூளியா வந்து நிப்பாளா?” என்றார் நைனா. “இந்தக் கோலத்துல இன்னொரு தரம் இங்க வராத. உன் வூட்டு வாசப்படிய நானும் மிதிக்க மாட்டேன். அங்க எழவு வுழுந்தாத்தான் வருவேன். போ!”

அம்மாவும் வரக்கூடாது என்று நைனா கட்டளை போட்டுவிட்டார். அதோடு போக்குவரத்து நின்றுபோனது. தலை தீபாவளிக்குக் கூப்பிட்டு வேட்டி எடுத்துக் கொடுத்த மாமனார், மருமகன் பெயரையே வாயில் எடுப்பதில்லை என்று கேள்விப்பட்டேன்.

அன்றையிலிருந்து எனக்கு ஒரே ஜெபம். “ஆண்டவரே, என் நைனா என் வீட்டுக்குள் ஒரு தரம் காலெடுத்து வைக்க வேண்டும்.” எங்கள் சபை அப்போது கையளவு சபை. கட்டடம் கிடையாது. எங்கள் வீட்டுக் கூடம்தான் சபை. பாஸ்டர் ஐயா விழுப்புரத்திலிருந்து ரயிலில் வருவார். கஞ்சிரா தட்டிப் பாடி முடித்ததும், “யாருக்கு இன்னா ஜெபம் பண்ணணும்?” என்று கேட்பார். நான் வாயைத் திறப்பதற்குள், “எஸ்தருக்கு அவங்க நைனா வரணும் ஐயா” என்று நாலு பேர் சொல்லிவிடுவார்கள். அவ்வளவு தூரம் எல்லாருக்கும் பாடமாகிவிட்டது.

இப்போது புரிகிறதா என் பயம்? அவர் பாயில் கிடந்த அந்த நாட்களில் நைனாவின் சொல் என் காதில் இரைந்துகொண்டே இருந்தது. எழவு விழுந்தால்தான் வருவேன் என்றாரே. நான் நைனா வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அந்த ஜெபம் இப்படியா பலிக்கப்போகிறது? என் ஜெபமே என் புருஷனைக் கொண்டுபோகிறதோ? ஒரு நாள் அடுப்பங்கரையில் தலையில் அடித்துக்கொண்டு, “நைனா வரவே வேணாம் ஆண்டவரே, இவரு மட்டும் இருந்தா போதும்” என்று கதறிவிட்டேன்.

சபைக்கும் அது தத்தளிப்பான காலம். எங்களோடு சாராள் அக்கா என்று ஒருவர் இருந்தார். என்னைப் பார்த்துத்தான் அவரும் விசுவாசத்துக்குள் வந்தார். அவருடைய வீட்டுக்காரர் ரயில்வேயில் கலாசி. சபைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். அவர் கறாராகச் சொல்லிவிட்டார்: “அந்த யோசேப்பு போயிட்டான்னு வெச்சிக்க, மறுநாளே நீ மஞ்ச கயித்த கட்டிகினு கம்முனு வூட்ல கெடக்கணும். எனக்கும் பேஜாரு வேணாம்.” மற்ற வீடுகளிலும் இதே பேச்சுத்தான். பெண்கள் ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. ஒரு மனிதனுடைய மூச்சில் ஒரு சபை தொங்கிக்கொண்டிருந்தது.

பாஸ்டர் ஐயாவிடம், “மருந்த நிறுத்திட்டு ஜெபம் மட்டும் பண்ணலாமா?” என்று ஒருவர் கேட்டார். ஐயா அவரை முறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “டாக்டர் குடுக்கறத குடும்மா. நாம கேக்கறத நாம கேப்போம். ரெண்டுக்கும் சண்ட இல்ல” என்றார். அன்றைக்கே உபவாச ஜெபம் ஆரம்பித்தோம். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடாமல் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து ஜெபித்தோம். நாங்கள் மெல்ல ஜெபிக்கிறவர்கள் இல்லை, தெரியுமே! எல்லாரும் ஒரே நேரத்தில், உரத்த குரலில், கண்ணீர் விட்டு அழுதுதான் ஜெபிப்போம். வழியில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போவார்கள்.

இந்த நெருக்கடியில் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதிதாகச் சிலருக்கு ஞானஸ்நானம் என்று முன்பே ஏற்பாடாகியிருந்தது. அவர்களுக்கு வெள்ளைத் துணியில் அங்கி தைக்கிற பொறுப்பு என்னுடையது. நான் சுத்தமாக மறந்துபோனேன். அவர்தான் ஞாபகப்படுத்தினார், காய்ச்சல் தணிந்திருந்த ஒரு காலையில், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற குரலில்.

“துணி வாங்கலயா?”

“உங்கள இப்டி போட்டுட்டு நான் எங்கங்க போறது?”

“ஞாயித்துக்கெயம வருதில்ல? போ. நான் எங்கயும் ஓடிப்போவல.”

அந்த நிலைமையிலும் கிண்டல்! சாராள் அக்காவை அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனேன். எப்படிப் போனேன் என்று மனக்கண்ணில் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் புடவை. வெறும் கழுத்து, வெறும் நெற்றி, வெறும் கை. உபவாசத்தில் ஒட்டிப்போன கன்னம். அழுது அழுது வீங்கின கண். போய் நின்றது கோராத் துணிக் கடை, சாவுக்குக் கோடி வாங்கவும் அங்கேதான் போவார்கள். கேட்டது வெள்ளைத் துணி, நீளமாக. அதைக் கிழித்து வாங்கிக் கையில் மடித்துக்கொண்டு திரும்பினால், எதிரே எங்கள் ஊர் ஏகாம்பரண்ணன். மல்லாட்டைத் தரகர். மண்டிக்கு வந்திருக்கிறார்.

கெடார் முகம் ஒன்றைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! பேச வேண்டும் என்று வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. கையைத்தான் தூக்க முடிந்தது. அண்ணன் என் முகத்தைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், கையிலிருந்த துணியைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டார். விறுவிறுவென்று பஸ் நிற்கிற பக்கமாகப் போய்விட்டார். இவர்கூட என்னோடு பேசமாட்டேன் என்கிறாரே என்று நினைத்து, நான் இன்னும் கொஞ்சம் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை. பாஸ்டர் ஐயா வந்துவிட்டார். எல்லாரும் கூடத்தில் முழங்காலில் நின்றோம். நான் என் வீட்டுக்காரர் தலைமாட்டில் இருந்தேன். நெற்றியைத் தொட்டேன், நனைந்திருந்தது. கழுத்தைத் தொட்டேன், நனைந்திருந்தது. தலையணையெல்லாம் ஈரம். குப்பென்று வேர்த்து ஊற்றியிருக்கிறது! கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்து, “யாரும்மா நீ” என்று கேட்கவில்லை.

“எஸ்தரு, பசிக்குது. கூழு இருக்கா?”

பசிக்குதாம்! வாரக்கணக்கில் ஒரு கரண்டிக் கஞ்சியை அவர் வாய்க்குள் அனுப்ப நான் கெஞ்சின கெஞ்சல் எனக்குத்தான் தெரியும். நான் போட்ட சத்தத்தில் கூடத்தில் இருந்தவர்கள் பதறிவிட்டார்கள். “பசிக்குதாம்! அவருக்குப் பசிக்குதாம்!” என்று கத்தினேன். அவ்வளவுதான். வீடே இடிந்து விழுவதுபோல ஸ்தோத்திரம் கிளம்பியது. சாராள் அக்கா தரையில் விழுந்து அழுதார். பாஸ்டர் ஐயா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் அழுதுகொண்டே கஞ்சி காய்ச்சினேன், அழுதுகொண்டே ஆற்றினேன், அவரைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து அழுதுகொண்டே ஊட்டினேன்.

அந்த நேரத்தில்தான் விழுப்புரத்துப் பாசஞ்சர் வந்து நின்றிருக்கிறது. அதில் என்ன வந்தது தெரியுமா? கெடார் வந்தது!

ஏகாம்பரண்ணன் முந்தின நாளே ஊருக்குப் போய், மாப்பிள்ளை போய்விட்டார், பச்சையம்மா வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு கோடித்துணி வாங்குவதை என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிவிட்டார். பாவம், அவர் பார்த்தது எல்லாமே நிஜம்தான். நைனா ராத்திரி முழுக்க வாசலில் உட்கார்ந்திருந்தாராம். விடிந்ததும் அம்மா, என் கூடப்பிறந்த அண்ணன், சித்தப்பா, பங்காளிகள் என்று எல்லாரையும் கிளப்பிக்கொண்டு முதல் பஸ்ஸில் விழுப்புரம் வந்திருக்கிறார். அங்கே துணிக்கடைக்காரரை வீட்டில் போய் எழுப்பிக் கடையைத் திறக்கவைத்து, பிறந்த வீட்டார் தாலியறுத்த மகளுக்குப் போட வேண்டிய வெள்ளைக் கோடிப் புடவை வாங்கியிருக்கிறார். எழவு வீட்டில் அடுப்பு எரியாதே, வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டுமே என்று அரிசி மூட்டை, பருப்பு, காய்கறி எல்லாம் தலைச்சுமையாக ரயிலில் ஏற்றியிருக்கிறார்கள். முண்டியம்பாக்கம் தாண்டும்போதே பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்களாம். கூட வந்த பிரயாணிகள் எழுந்து நின்று இடம் கொடுத்தார்களாம்.

ரயிலடியை விட்டு இறங்கினால் எங்கள் வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்கிறது. வேறென்ன அத்தாட்சி வேண்டும்? தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு, “ஐயோ, எங்க ராசாத்தி!” என்று ஓலமிட்டபடி ஓடிவந்தார்கள். ஆண்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

இந்தப் பக்கம் எங்கள் கதையைக் கேளுங்கள். ஜனங்கள் பாவத்தை உணர்ந்து மாரில் அடித்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக வர வேண்டும் என்று வருஷக்கணக்காக ஜெபிக்கிறவர்கள் நாங்கள். வாசலில் ஒரு கூட்டமே மாரில் அடித்துக்கொண்டு வந்து விழுகிறது! பாஸ்டர் ஐயா ஒரு துள்ளுத் துள்ளினார். “ஸ்தோத்திரம்! எழுப்புதல் வந்துட்டுது! ஆண்டவரு கொண்டாந்துட்டாரு!” என்று வாசலுக்கு ஓடினார். முதலில் அகப்பட்ட என் சித்தப்பா தலையில் கையை வைத்து ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். சித்தப்பா, யாரோ பெரிய மனிதர் ஆறுதல் சொல்கிறார் என்று எண்ணி ஐயாவைக் கட்டிப்பிடித்து இன்னும் பலமாக அழுதார். ஐயா இன்னும் பலமாக ஜெபித்தார்.

அம்மா ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எத்தனை வருஷம் கழித்து அம்மாவின் கை! காய்ச்சல் விட்ட சேதி அதற்குள் எப்படி அம்மாவுக்குத் தெரிந்தது என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. “அம்மா, ஆண்டவர் நல்லவரும்மா!” என்று அழுதேன். அம்மா, “அந்த ஆண்டவனுக்குக் கண்ணே இல்லியாடி!” என்று அழுதாள். ஒருத்தி சொன்னது ஒருத்திக்கு ஏறவில்லை. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம்.

நைனா மட்டும் அழவில்லை. வாசலில் நின்றார். ஒரு காலைத் தூக்கி வாசற்படிக்கு உள்ளே வைத்தார். நான் அம்மாவின் தோளுக்கு மேலே அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் நைனாவின் கால், என் வீட்டுக்குள்.

அப்போது உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது.

“எஸ்தரு, யாரு வந்துகீறாங்க? மாமாவா?”

அப்படியே எல்லாம் நின்றுபோனது. ஒரு பங்காளி, “ஐயையோ, பொணம் பேசுது!” என்று அரிசி மூட்டையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார். நைனா அசையவில்லை. அடுத்த காலையும் உள்ளே வைத்தார். நேரே போனார். சுவரில் சாய்ந்து, வாயோரத்தில் கஞ்சியோடு உட்கார்ந்திருந்த மருமகனைப் பார்த்தார். குனிந்து அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தார்.

“வாங்க மாமா” என்றார் என் வீட்டுக்காரர்.

நைனாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! “எங்கடா அந்த ஏகாம்பரம்? இட்டாங்கடா அவன!” என்று ஒரு கத்துக் கத்தினார். ஏகாம்பரண்ணன் காய்கறி மூட்டைக்குப் பின்னால் நின்றிருந்தார். “நான் இன்னா பண்றது, உன் பொண்ணப் பாத்தா யாருக்குமே அப்டித்தான் தோணும்” என்று முனகினார். நைனா திரும்பி என்னைப் பார்த்தார். என் வெள்ளைப் புடவை, என் வெறும் கழுத்து. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வாய் கோணியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

“எழவு வுழுந்தாத்தான் வருவேன்னு சொன்னேன்” என்றார். “எழவே வுழாம என்ன வரவெச்சிட்டாரே உங்க சாமி!”

கூடத்தில் இருந்தவர்கள் போட்ட சத்தம் இருக்கிறதே, அது எங்களுக்கே புதிது.

ஆனால் நைனா சுலபத்தில் ஏமாறுகிறவர் இல்லை. நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். உச்சிப்பொழுதில்தான் காய்ச்சல் ஏறும் என்றும் சொன்னேன். “அப்டியா? உச்சி வரட்டும், பாப்போம்” என்று மருமகன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் நெற்றியில் தன் கையை வைத்துக்கொண்டார். எடுக்கவே இல்லை. எங்கள் மகிழ்ச்சி கொஞ்சம் அடங்கி மறுபடி பயம் எட்டிப்பார்த்தது. காய்ச்சல் திரும்பினால்? நைனாவின் கைக்கு அடியிலேயே திரும்பினால்? யாரும் பாடவில்லை, சத்தம் போடவில்லை. எங்கள் சபை அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. வெயில் ஓட்டின்மேல் ஏறியது. கூரை ஓட்டையிலிருந்து விழுந்த வெளிச்சம் தரையில் நகர்ந்து நகர்ந்து அடுப்புப் பக்கம் போனது. நைனா கையை எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தார்.

“உச்சி தாண்டிச்சி. உடம்பு ஜில்லுனு கீது” என்றார். அப்புறம் எங்கள் எல்லாரையும் பார்த்து, “இன்னா எல்லாரும் கம்முனு கீறீங்க? பாடுங்களேன்!” என்றார்.

பாடினோம்! கஞ்சிரா கிழிந்துபோகிற மாதிரி தட்டிப் பாடினோம்!

அதற்குள் அம்மாவுக்கு வேறு கவலை வந்துவிட்டது. எழவுக்கென்று எடுத்துவந்த அரிசியைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதாம். இங்கேயே ஆக்கிவிட வேண்டும் என்றாள். ஆக்கினோம். உபவாசத்தில் வயிறு ஒட்டிக் கிடந்த எங்கள் சபை முழுக்கவும், எழவுக்கு வந்த கெடார் முழுக்கவும், ஒரே வரிசையில் இலை போட்டு உட்கார்ந்தது. ஓடிப்போன பங்காளிகூடத் திரும்பி வந்து, “அரிசிய நான்தான தூக்கியாந்தேன்” என்று இரண்டு தரம் சோறு வாங்கினார். கிணற்றடிப் பெண்கள் வாசலில் வந்து எட்டிப்பார்த்தார்கள். அவர்களுக்கும் இலை போட்டோம். சாராள் அக்காவின் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து கதவோரம் நின்றார். என் வீட்டுக்காரரை நெடுநேரம் பார்த்தார். உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்குப் பிறகு மஞ்சள் கயிற்றுப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை. எங்கள் சபையில் அதற்குப் பிறகு எத்தனையோ அன்பின் விருந்து நடந்துவிட்டது. அந்த ருசி எதற்கும் வரவில்லை.

மீந்தது அந்தக் கோடிப் புடவை ஒன்றுதான். அதையும் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. யாருக்கும் தரவும் கூடாது. அம்மா அதை மடித்து என் பெட்டிக்குள் அடியில் வைத்தாள். “இருக்கட்டும். நீ கட்டாத” என்று மட்டும் சொன்னாள்.

என் வீட்டுக்காரர் எழுந்து நடக்க மேலும் சில வாரம் ஆனது. அந்த வருஷ முடிவிலேயே மூட்டை தூக்கப் போய்விட்டார். நைனா மண்டியில் மல்லாட்டை விற்கத் திண்டிவனம் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில்தான் தங்குவார். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் கதவோரம் உட்கார்ந்து பிரசங்கம் கேட்பார். நடுவில் கையைத் தூக்கி, “அது எப்டி ஐயா?” என்று சண்டைக்குப் போவார். ஐயாவும் சளைக்காமல் பதில் சொல்வார். கடைசியில், “இங்க குந்திகினு எதுக்கு எனக்கு மட்டும் சொல்றீங்க? ஊருக்கு வந்து சொல்லுங்க” என்று தன் களத்திலேயே ஒரு கூட்டம் வைக்கச் சொன்னார். அந்தக் களத்தின் ஓரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டோம். கெடார் சபை அப்படித்தான் பிறந்தது. கொட்டகைக்கு முதல் கீற்றுக் கட்டைச் சுமந்து வந்தவர் பிணம் பேசுகிறது என்று ஓடின அதே பங்காளி. ஏகாம்பரண்ணன் இன்றுவரை சபைக்குள் வந்ததில்லை. ஆனாலும் எங்கள் முதல் சுவிசேஷகர் அவர்தான் என்று பாஸ்டர் ஐயா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

1963-ஆம் வருஷம் தை மாதம் என் அம்மா ஞானஸ்நானம் எடுக்கப்போகிறேன் என்றாள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை. நான் புதிதாக வெள்ளை அங்கி தைக்கிறேன் என்றேன். “வேணாம்” என்றாள். “உன் பொட்டியில கீதே, அத எட்டா.”

கோடியை எடுத்துக்கொண்டு போனேன். என் புருஷன் செத்துவிட்டான் என்று எனக்குப் போட வாங்கிய புடவையை என் அம்மா உயிரோடு மகிழ்ச்சியாகக் கட்டிக்கொண்டாள். கெடார் ஏரிக்கரையில் ஊரே கூடியிருந்தது. வேடிக்கை பார்க்க அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் வந்துவிட்டார்கள். அம்மா பொட்டை அழித்தாள். தாலியைக் கழற்றி நைனாவின் உள்ளங்கையில் வைத்தாள். நைனா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடியில் முடிந்துகொண்டார். அவர் அப்போது ஞானஸ்நானத்துக்கு இணங்கவில்லை. அதற்கு இன்னும் சில வருஷம் ஆனது. அன்று என்ன செய்யப்போகிறாரோ என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா தண்ணீரில் மூழ்கி எழுந்தாள். வெள்ளைக் கோடி உடம்போடு ஒட்டி, வெறும் நெற்றியில் தண்ணீர் வழிய, சிரித்துக்கொண்டே கரையேறி வந்தாள். வேடிக்கை பார்த்த ஜனங்கள் அவள் கழுத்தைப் பார்த்துக் கிசுகிசுத்தார்கள். உடனே நைனா கரைமேல் ஏறி நின்றார். துண்டை எடுத்துத் தலைக்கு மேலே வீசினார். ஏரிக்கு அந்தக் கரை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்:

“எல்லாரும் நல்லா பாத்துக்குங்க! நான் உசுரோடதான் கீறேன்! எவனும் எங்கயும் போயி எழவு சொல்லிடாதீங்க!”

ஏரிக்கரையே சிரித்தது. அம்மா ஈரப் புடவையோடு நின்று வாய்விட்டுச் சிரித்தாள். நான் சிரித்தேன், அழுதேன், முழங்காலில் விழுந்தேன்.

இதை வாசிக்கிற சகோதரியே, சகோதரனே, உனக்கும் ஒரு கதவு மூடிக் கிடக்கலாம். வரவே மாட்டேன் என்று உன் வீட்டார் யாராவது சொல்லியிருக்கலாம். உன் ஆள் ஒருவர் பாயில் கிடக்கலாம், தெரு முடிவு கட்டியிருக்கலாம். கேள். வெட்கப்படாமல் கேள், சத்தமாகவே கேள். எப்படி நடத்துவார் என்று கணக்குப் போடாதே. நான் நைனா வரவேண்டும் என்றும் கேட்டேன், வரவே வேண்டாம் என்றும் கேட்டேன். ஆண்டவர் இரண்டையும் கேட்டுவிட்டு, ஒரு தரகரை அனுப்பி, ஒரு பாசஞ்சர் வண்டியில், அரிசி பருப்போடு என் நைனாவைக் கொண்டுவந்து சேர்த்தார். அவருக்கே ஸ்தோத்திரம். என் வீட்டுக்காரர் இப்போது வாசலில் உட்கார்ந்து, சோறு எப்போது ஆகும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு இன்னும் பசிக்கிறது.